ஆட்டம் முடியும்வரை வாயில் இருக்க வேண்டும்

விளையாட்டில் பல் உடைவதை விபத்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் எந்தப் பல்லில் அடிபடும், எந்த வயதில் அடிபடும், எப்படிப்பட்ட பல்வரிசை உள்ளவருக்கு அடிபடும் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல முடியும் என்றால், அதை விதியின் கணக்கில் எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை. அடி வாங்குபவை பெரும்பாலும் மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும்தான். ஏழெட்டு வயதில் முளைக்கும் அவற்றின் வேர் வளர்ந்து நுனி மூடுவதற்கு அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் மைதானத்துக்குப் போகத் தொடங்குவதும் அதே பருவத்தில்தான். மேற்பற்கள் எடுப்பாக முன்தள்ளி, மேலுதடு அவற்றை முழுதாக மூடாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு அபாயம் இன்னும் கூடுதல். இவ்வளவு தெரிந்திருந்தும் ஷூ வாங்குகிறோம், முழங்கால் பட்டை வாங்குகிறோம், வாயை மட்டும் வெறுமனே விட்டுவிடுகிறோம். பல் மருத்துவராக மவுத்கார்டு எனும் வாய்க்காப்பைச் செய்துகொடுத்து வருகிற அனுபவத்தில் எனக்குத் தெளிவானது இதுதான்: மவுத்கார்டு எதனால் ஆனது, எங்கே வாங்கியது என்பதெல்லாம் பிறகு. முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை அது வாயில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அப்படி இருக்க வைப்பது அளவு. அதனால்தான் அவரவர் பல்லுக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டும் என்கிறேன்.

"உடைந்தால் பார்த்துக்கொள்ளலாம், இப்போதுதான் எல்லாவற்றுக்கும் சிகிச்சை இருக்கிறதே" என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். பல்லின் ஓரம் சற்றுச் சிதறினால் அது சரி. பல்லின் நிறத்திலேயே கலவை வைத்து ஒரே அமர்வில் ஒட்டிவிடலாம். நரம்பு வெளியே தெரியும் அளவுக்கு உடைந்தால் ரூட் கனால், அதன்மேல் கேப் என்று வேலை நீளும். வேர் நுனி மூடாத சிறு பிள்ளையின் பல் என்றால் அந்த ரூட் கனாலே எளிதாக அமையாது. பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு மண்ணில் விழுந்துவிட்டால் நேரம்தான் எல்லாம். வேரின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய திசுவில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. பல் காயக் காய அவை மடிகின்றன. ஒரு மணி நேரம் வெளியில் காய்ந்துபோன பல்லில் அவை பிழைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நிலைத்த பல்லாக இருந்தால் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுத்து, மண் இருந்தால் தேய்க்காமல் லேசாக அலசி, உடனே குழியில் திரும்ப வைக்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். பால்பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது. இவற்றை எல்லாப் பயிற்சியாளர்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனாலும் தாமதமாகத் திரும்ப வைத்த பல் வளரும் பிள்ளையின் தாடையில் எலும்போடு ஒட்டிப்போகிறது. வேர் சிறிது சிறிதாகக் கரைந்து அந்த இடத்தில் எலும்பு வருகிறது. தாடை வளர்ந்து பக்கத்துப் பற்கள் இறங்கி வர, இந்தப் பல் மட்டும் மேலேயே நின்றுவிடுகிறது. இம்பிளான்ட் வைக்கலாம் என்றால் தாடை வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் முன்பல்லை இழந்த பிள்ளை, பள்ளிப்பருவம் முழுவதையும் கழற்றி மாட்டும் பல்லோடு கழிக்க வேண்டியிருக்கும். சிகிச்சை உண்டு என்பது உண்மைதான். அது ஈடுகட்டுமே தவிர, இழந்ததைத் திருப்பித் தராது.

காப்பு பலன் தருகிறதா என்ற கேள்விக்கு வரலாறும் ஆய்வும் பதில் வைத்திருக்கின்றன. 1890-களில் லண்டன் பல் மருத்துவர் வூல்ஃப் கிராஸ், குத்துச்சண்டை வீரர்களின் மேற்பற்கள்மீது கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் பொருளின் பட்டையை வைத்து அனுப்பினார். இன்று ரூட் கனாலை அடைக்க நாங்கள் பயன்படுத்துவதும் அதே கட்டாபெர்ச்சாதான். குத்து விழும்போது சொந்தப் பல்லே உதட்டைக் கிழிப்பதைத் தடுப்பது அவர் நோக்கம். அதை வளையத்துக்குள் அணிவது முறையா என்று நெடுநாள் சர்ச்சை நடந்தது. 1927-ல் நியூயார்க்கில் ஜாக் ஷார்க்கியோடு மோதிய மைக் மக்டிகுவின் உதடு உடைந்த பல்லால் கிழிந்து, ரத்தம் நிற்காமல் ஆட்டம் அவர் கையைவிட்டுப் போனது. அதன்பின் எதிர்ப்பு அடங்கியது. அமெரிக்காவில் 1962-ல் உயர்நிலைப் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பாலிலும் 1973-ல் கல்லூரி அணிகளிலும் மவுத்கார்டு கட்டாயமானது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வெளியான ஆய்வுரை, அணியாதவர்களுக்கு வாய், முகக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.6 முதல் 1.9 மடங்கு வரை என்று கணித்தது. இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். அணிகிறவர் இயல்பிலேயே எச்சரிக்கையானவராக இருக்கலாம், காயம் குறைந்தது அந்த எச்சரிக்கையால் இருக்கலாம் அல்லவா? நியூசிலாந்து ரக்பியின் கணக்கு இந்த ஐயத்தைப் பெரிதும் தணிக்கிறது. அங்கே 1990-களின் பிற்பாதியில் விதி வந்தது. எச்சரிக்கையானவர், அசட்டையானவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் அணிய வேண்டியதாயிற்று. 1993-ல் 67 சதவீதமாக இருந்த பயன்பாடு 2003-ல் 93 சதவீதமானது. ரக்பியில் பல் உடைந்து இழப்பீடு கேட்டு வந்த விண்ணப்பங்கள் 1995-க்கும் 2003-க்கும் இடையே 43 சதவீதம் குறைந்தன. ஒரு நாட்டின் முன்-பின் கணக்கு மட்டும் எதையும் முடிவாக நிறுவிவிடாது. ஆனால் தொகுப்பாய்வும் ஆய்வகச் சோதனைகளும் இதுவும் ஒரே திசையைக் காட்டும்போது தயங்கி நிற்கக் காரணமில்லை.

மவுத்கார்டு செய்கிற வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டால் அளவின் அருமை விளங்கும். முழங்கையோ மட்டையோ ஒரு பல்லின் ஒரு புள்ளியில் விழும் விசையை, மவுத்கார்டு கொஞ்சம் தானே உள்வாங்கிக்கொண்டு, மீதியைப் பல்வரிசை முழுவதற்கும் பகிர்ந்துகொடுக்கிறது. உதடும் கன்னமும் பல்லின் கூரில் நேராகப் படாமல் பிரித்து வைக்கிறது. தாடைக்குக் கீழிருந்து அடி வரும்போது கீழ்ப்பற்கள் மேற்பற்களோடு மோதிச் சிதறாமல் நடுவே மெத்தையாக நிற்கிறது. இவை எல்லாம் நடக்க வேண்டுமானால் அது பல்லோடும் ஈறோடும் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் விசை பரவாது, மவுத்கார்டே பல்லின்மேல் வந்து இடிக்கும். இதையும் சொல்லிவிட வேண்டும்: மூளை அதிர்ச்சியை இது தடுக்கும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். அப்படித் தடுப்பதாக உறுதியான சான்று இல்லை. உலக ரக்பி அமைப்பு அண்மையில் உயர்மட்ட ஆட்டங்களில் கொண்டுவந்திருக்கும் சென்சார் பொருத்திய மவுத்கார்டு, தலையில் விழுந்த அடியின் அளவைக் கணக்கெடுத்துச் சொல்கிறது. அளப்பதுதான் அந்த சென்சாரின் வேலை. பல்லையும் உதட்டையும் தாடையையும் காப்பதே பெரிய காரியம். அதற்குமேல் வாக்குறுதி கொடுத்தால், அது பொய்யாகும் நாளில் உண்மையான பலனையும் சேர்த்தே மக்கள் சந்தேகிப்பார்கள்.

கடையில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று வாங்கியபடியே வாயில் வைப்பது. அது எந்த வாய்க்கும் பொருந்தாது, பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். மற்றொன்று வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்துப் பதிப்பது. பெரும்பாலானவர்கள் மவுத்கார்டு என்று அறிந்திருப்பது இதைத்தான். இதன் குறையை ஒரு முறை கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். இளகிய நிலையில் பிள்ளை பலமாகக் கடித்ததால் கடைவாய்ப்பல் படும் இடம் காகிதம்போல மெலிந்திருக்கும். முன்பக்கம் விரலால் அழுத்தப்பட்ட இடம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் தேய்ந்தும் இருக்கும். காக்க வேண்டிய இடத்தில் கனம் இல்லை, வேண்டாத இடத்தில் கனம் இருக்கிறது. ஆய்வகச் சோதனைகளில் இந்தப் பிளாஸ்டிக்குக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் கனம்தான் ஏற்றதாகக் கண்டிருக்கிறார்கள். அதற்குக் குறைந்தால் விசை அதிகம் ஊடுருவுகிறது, அதற்குமேல் கூட்டினால் கூடுதல் பலன் சொற்பம், வாயில் சுமை அதிகம். மருத்துவர் பயன்படுத்துவதும் பெரும்பாலும் அதே எத்திலீன் வினைல் அசிட்டேட் பிளாஸ்டிக்தான். பொருள் ஒன்றே. கனம் எங்கே எவ்வளவு நிற்கிறது, ஓரம் எங்கே முடிகிறது, கை வைக்காமலே அது மேல்வரிசையில் தொங்காமல் நிற்கிறதா என்பவற்றில்தான் வேறுபாடு முழுவதும் இருக்கிறது.

அளவெடுத்துச் செய்யும் முறை நீண்டதல்ல, ஆனால் ஒவ்வொரு படியிலும் கவனம் வேண்டும். மேல்வரிசைக்கு அல்ஜினேட் என்ற பசையில் அளவெடுக்கும்போது பற்களை மட்டும் பதித்தால் போதாது. உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள பள்ளம் வரை ட்ரே போக வேண்டும், ஏனென்றால் மவுத்கார்டின் பிடி அங்கேதான் இருக்கிறது. அளவெடுத்த கையோடு டென்டல் ஸ்டோன் ஊற்றி மாடல் எடுக்க வேண்டும். வைத்திருந்தால் அல்ஜினேட் சுருங்கிவிடும். காய்ந்த மாடலின் நடுப்பகுதியைக் குடைந்து, முன்பற்கள் செங்குத்தாக நிற்காமல் சற்று உள்சாய்வாக இருக்கும்படி பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி மாடல்மேல் இழுத்துப் பதிக்கும் மெஷினில் வைப்பது வழக்கம். ஹீட்டருக்குக் கீழே ஷீட் பளபளத்து நடுவில் தொய்ந்து இறங்கும். எவ்வளவு தொய்ந்ததும் இழுக்க வேண்டும் என்பது கைப்பழக்கம். சூடு குறைந்தால் பல்லின் இடுக்குக்குள் ஷீட் இறங்காது, மிஞ்சினால் முன்பற்களின் விளிம்பில் மெலிந்துபோகும். 4 மில்லிமீட்டர் ஷீட்டைப் போட்டுவிட்டால் 4 மில்லிமீட்டர் மவுத்கார்டு கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு. இழுபடும்போது முன்பக்கம் கணிசமாக மெலிகிறது. அதனால்தான் இரண்டு ஷீட்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் முறையை நான் விரும்புகிறேன். வேக்கூம் மெஷின் காற்றை உறிஞ்சி எடுப்பதால் அதன் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவைத் தாண்ட முடியாது. மேலிருந்து காற்றை அழுத்தும் மெஷின்கள் அதைப்போலப் பல மடங்கு தருகின்றன, அடுக்குகள் நன்றாக ஒட்டுகின்றன. முழுதாக ஆறும்வரை மாடலிலிருந்து கழற்றக் கூடாது, அவசரப்பட்டால் வடிவம் கோணிவிடும். வெளி ஓரம் பள்ளத்தின் அடிக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் முன்பாக முடிய வேண்டும். உதட்டை ஈறோடு இணைக்கும் நரம்புபோன்ற தசைமடிப்புக்கு வி வடிவில் வழிவிட வேண்டும். கடைசியாக, கடிக்கும் பரப்பை லேசாக இளக்கி, கீழ்ப்பற்கள் எல்லாம் சமமாகப் படும்படி மெல்லக் கடிக்கச் செய்கிறோம். இந்தப் படியைத் தவிர்த்தால் தாடை ஒருபக்கமாகத் தாங்கும், பத்து நிமிடத்தில் வலி எடுக்கும், ஆட்டக்காரர் கழற்றிப் பையில் வைத்துவிடுவார்.

நம் மண்ணில் இந்த விவாதம் கூர்மையாவது கபடியில். பிடிப்பவர் முகத்தை முன்னே நீட்டிக் கணுக்காலை நோக்கிப் பாய்கிறார், உதறும் முழங்காலோ குதிகாலோ நேராக வாயில் வருகிறது. பாடிப் போகிறவரின் வாய் திறந்தே இருப்பதால் தாடை இறுகாமல் தொங்குகிறது. அந்த நிலையில் மோவாயில் விழும் அடிக்குப் பற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இருந்தும் உள்ளூர் ஆட்டங்களில் மவுத்கார்டு அபூர்வம். காரணம் கேட்டால் "அதைப் போட்டால் பாட முடியாது" என்பார்கள். இது சாக்குப்போக்கு இல்லை, தொழில்ரீதியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பாட்டு தெளிவாகவும் தொடர்ந்தும் கேட்காவிட்டால் நடுவர் அவுட் கொடுத்துவிடுவார். ஆகவே "கபடி கபடி" என்று சொல்லும்போது வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 'க'வுக்கு நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தின் பின்புறம் தொடுகிறது, மவுத்கார்டு அங்கே போவதே இல்லை. 'ப'வுக்கு உதடுகள் இரண்டும் கூட வேண்டும். முன்பக்கம் ஒரே தடிப்பாக இல்லாமல் மேல் ஓரத்தை நோக்கி மெலிந்து போனால் உதடு தடையில்லாமல் மூடும். 'ட'வுக்குத்தான் சிக்கல். நாக்கு நுனி மேல்நோக்கி வளைந்து முன்பற்களுக்குப் பின்னே அண்ணத்தைத் தொட வேண்டும். கடையில் வாங்கியதன் தடித்த உள்விளிம்பு நாக்கின் அந்த வழியில்தான் நிற்கிறது. அளவெடுத்துச் செய்யும்போது உள்பக்கத்தைப் பல்லின் கழுத்துவரை குறைத்து, விளிம்பைச் சீவி வழவழப்பாக்கிவிடலாம். அடி வருவது முன்னிருந்து என்பதால் இதனால் காப்பு பெரிதாகக் குறைவதில்லை. பொருத்திய அன்றே நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொல்லி, நாக்கு எங்கே தட்டுகிறது என்று கேட்டு அங்கே மட்டும் பர் வைத்துத் தேய்ப்பதுதான் என் வழக்கம். அதன்பின் ஒரு வாரம் பயிற்சியில் அணிந்து பாடிப் பழகினால் நாக்கு புதிய விளிம்புக்கு வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. களத்தில் தடுத்து நிற்பவர்களுக்கோ பாட வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் அணியாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

மூச்சு முட்டும் என்பது அடுத்த தடை. கடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும் மவுத்கார்டில் அது உண்மை. வாயைத் திறந்தால் விழுந்துவிடும் ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் வாய்வழியாக மூச்சுவிட முடியாது. மேல்வரிசையில் தானாகவே நிற்கும் மவுத்கார்டில் தாடை சுதந்திரமாக இருக்கிறது. அப்படிச் செய்தவற்றை அணிந்து கடும் உடற்பயிற்சி செய்தவர்களைச் சோதித்த ஆய்வுகளில் உடல் ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்ளும் திறன் குறிப்பிடும்படி குறையவில்லை. ஹாக்கியின் சர்வதேச விதிநூல் களத்தில் ஆடுபவர்களுக்கு வாய்க்காப்பைப் பரிந்துரைக்கிறது, கட்டாயமாக்கவில்லை. ஆட்டம் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஹாக்கியில் இதை அணிந்தபடி ஆடுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பதே மூச்சுக் கேள்விக்குப் போதுமான பதில். பற்களில் கம்பி போட்டிருக்கும் பிள்ளைகளுக்கு மவுத்கார்டு கூடாது என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் அவர்களுக்குத்தான் அவசியம் அதிகம், ஏனென்றால் அடிபட்டால் அந்தக் கம்பியே உதட்டைக் கிழிக்கும். மாடலில் கம்பி இருக்கும் இடத்தையும் பல் நகரப்போகும் திசையையும் மெழுகால் அடைத்துவிட்டு ஷீட் இழுத்தால் மவுத்கார்டு சிகிச்சைக்குக் குறுக்கே வராது.

செலவு பற்றிய எதிர்ப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. வளரும் பிள்ளைக்குப் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு மவுத்கார்டு நெடுநாள் பொருந்தாது. ஆறு மாதத்துக்கோ ஒரு சீசனுக்கோ ஒருமுறை புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அன்றாடக் கூலிக்குப் போகும் வீட்டில் இது சுமைதான். ஒரு ரூட் கனாலும் கேப்பும் சேர்ந்து ஆகும் செலவைவிட இது குறைவு என்ற கணக்கு சரியானதே. ஆனால் வரலாம் வராமலும் போகலாம் என்ற செலவுக்காக இன்றைக்குக் கையிலிருக்கும் பணத்தை எடுத்துக்கொடு என்று ஏழைப் பெற்றோரிடம் சொல்வது எளிதல்ல. எனவே இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்கிறேன். இப்போதைக்கு வேறு வழியில்லை என்றால் வெந்நீரில் போடும் மவுத்கார்டாவது இருக்கட்டும், வெறும் வாயைவிட அது மேல். பலமாகக் கடிக்காமல் மெதுவாகப் பதித்து, நாக்காலும் விரலாலும் அழுத்தி, திருப்தியில்லை என்றால் மறுபடி இளக்கிச் சரிசெய்யுங்கள். அதற்குமேல் வேண்டியதைக் குடும்பத்தின் தலையில் கட்டாமல் விளையாட்டை நடத்துகிறவர்கள் ஏற்க வேண்டும். பந்தும் வலையும் ஜெர்சியும் அணியின் செலவு என்றால், ஆட்டக்காரரின் பல்லும் அதே கணக்கில்தான் வர வேண்டும்.

இதற்கான வழி நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன, தனியார் கல்லூரிகள் மாநிலம் முழுவதும் இருக்கின்றன. அல்ஜினேட்டில் அளவெடுப்பது பல் மருத்துவ மாணவர்கள் எப்படியும் கற்க வேண்டிய வேலை. கம்பி சிகிச்சை முடிந்தவர்களுக்கு ரீடெய்னர் செய்யப் பயன்படும் ஷீட் மெஷினில் மவுத்கார்டும் செய்யலாம். மறுபக்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் ஒரே கூரையின்கீழ் கபடி, ஹாக்கி, குத்துச்சண்டை ஆடும் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். சீசன் தொடங்கும் முன் கல்லூரி ஒன்று விடுதிக்குச் சென்று ஒரு நாள் அளவெடுத்து, அடுத்த வருகையில் பொருத்திச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டால், மாணவர்களுக்குப் பயிற்சியும் ஆயிற்று, ஆட்டக்காரர்களுக்குக் காப்பும் ஆயிற்று. அதே வருகையில் எந்தப் பிள்ளைக்கு முன்பற்கள் எடுப்பாக இருக்கின்றன, யாருக்குச் சொத்தை இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மவுத்கார்டைப் போட்டி நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் அதிக நேரம் மோதிக்கொள்வது பயிற்சியில்தான். அது வாயில் இல்லாமல் யாரையும் களத்தில் இறக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, காற்றுப்புகும் டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். வெயிலிலோ வெந்நீரிலோ விழுந்தால் வடிவம் போய்விடும். கடித்துக் கிழிந்தாலோ தளர்ந்தாலோ பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். பெற்றோருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் பிள்ளை மோதி ஆடும் விளையாட்டில் சேர்ந்திருந்தால், அடுத்த முறை பல் மருத்துவரைப் பார்க்கும்போது மவுத்கார்டுக்கு அளவெடுக்கச் சொல்லுங்கள். முன்பல் விழுந்த பிறகு வந்து கேட்கும் எதையும் எங்களால் இவ்வளவு எளிதாகச் செய்துகொடுக்க முடியாது.